லோகேஸ்வரியின் நாடி

வரிசையாக நான்கு பாகங்கள் ஊற்றிக்கொண்ட பிறகு, ‘இடியரசன்’ படங்களை எடுக்கும் நிறுவனம் லோகேஸ்வரியின் நாடியை நம்பத் தொடங்கியது. எந்தக் காட்சிக்கு ஜனம் விசிலடிக்கும், எதற்குக் கேன்டீனுக்கு எழுந்து போகும் என்று வடபழனியில் இட்லிக்கடை நடத்தும் அவளுடைய நாடி முன்கூட்டியே சொல்லிவிடுகிறதாம்.

அன்று பதினோராம் பாகத்தைப் போட்டுக் காட்டினார்கள். துடிப்பு எகிறினால் சிவப்பாக எரியும் நாடிப் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, குளுகுளு அரங்கில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள் லோகேஸ்வரி. இடியரசனுக்கு டூப் போடும் தணிகாசலம் தன் புருஷன் என்று அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் நாடி பார்க்க வேறு ஆளைப் பிடித்துவிடுவார்களே!

திரையில் பன்னிரண்டாவது மாடி விளிம்பில் முகமூடியோடு வந்து நின்றான் இடியரசன். இடது தோள் லேசாகச் சரிந்திருந்தது. போன பாகத்தில் விழுந்து அடிபட்ட தோள். அவள் தினமும் தைலம் தேய்க்கும் தோள்.

“ஐயோ, பாத்துய்யா, பாத்து!” என்று கத்தியேவிட்டாள். அவன் குதித்தான். பட்டை செக்கச்செவேலென்று எரிந்தது.

பின்வரிசையில் ஒரே விசில். இயக்குநர் ஓடிவந்தார். “அம்மா, இப்படி ஒரு துடிப்பை நாங்க பாத்ததே இல்லீங்க! படம் பொழச்சுது!”

லோகேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. பொழைக்க வைத்தது அவள் வீட்டுக்காரர் அல்லவா!

இயக்குநர் அதற்குள் போனை எடுத்திருந்தார். “இனிமே எல்லாப் பாகத்துலயும் இந்தக் குதிப்பு வரணும். அதே டூப். நாளைக்கே எடுத்துடலாம். இருபத்தஞ்சு மாடி.”

அவள் மணிக்கட்டில் பட்டை மறுபடியும் சிவந்தது.

அதைப் பார்த்த இயக்குநர், “இல்ல, முப்பதாவே வெச்சுக்கோ” என்றார்.