யாவோராவின் பத்துப் பேர்

"என்ன மியோ, இந்த வருஷமும் தனியாத்தான் வந்தியா? இல்ல, உங்க ஊர்ப் பசுமாடுங்களுக்கெல்லாம் ஹெல்மெட் மாட்டிக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

துபோவா ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுத் தலைவன் ஸ்லாவ்கோ, வருடாந்தரப் போட்டி மைதானமே கேட்கக் கத்தினான். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

மியோ, பக்கத்து ஊரான யாவோராவின் குழுத் தலைவர். போன இரண்டு வருடமும் இதே மைதானத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற மனிதர், இன்று நிமிர்ந்து நின்றார்.

"உங்க வண்டியை நிறுத்த எங்க ஷெட்டுல இடம்கூட ஒழிச்சு வச்சாச்சுப்பா!" ஸ்லாவ்கோ விடவில்லை.

மேசையில் இருந்த தலைமை நடுவர் நெவெங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொன்னது உண்மைதான். இந்த மூன்றாவது வருடமும் பத்துப் பேரைக் களமிறக்க முடியாவிட்டால், யாவோராவின் நூறு வருடக் குழுவைக் கலைத்துவிட்டு, வண்டியைத் துபோவாவிடம் ஒப்படைக்க வேண்டும். அவளே கையெழுத்துப் போட வேண்டும்.

பத்துப் பேருக்கு மியோ எங்கே போவார்? குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததுமே அதன் கிழக்குப் பகுதியான ஸ்லாவோனியாவின் இளவட்டங்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். யாவோராவில் கால்பந்துக்குக்கூட ஆள் கிடையாது. ஏன், நெவெங்காவின் மகனே டப்ளினில் லாரி ஓட்டுகிறான். 'அடுத்த வருஷம் வந்துடறேம்மா' என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மியோ மேசைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஆள் இருக்காங்களா மியோ?"

"என்னையும் சேர்த்துப் பத்து இருக்கும்மா."

"எங்கே?"

"வண்டிக்குள்ள. முதல்ல புகை அறையாச்சே, முகக்கவசம் மாட்டிட்டு உட்கார்ந்திருக்காங்க."

அவர் கையை அசைத்தார். வண்டிக் கதவு திறந்தது. தலை முதல் கால் வரை மூடிய ஒன்பது பேர் தொப் தொப்பென்று குதித்து வரிசையில் நின்றார்கள். அவர்கள் முதுகைப் பார்த்ததும் கூட்டத்தின் சிரிப்பு அடங்கிப்போனது. பழைய கோட்டுகளில் யாவோராக் குடும்பங்களின் பெயர்கள் தைக்கப்பட்டிருந்தன. யூர்கிச். ஷோக்செவிச். பெயாகிச்.

"அடேய், நம்ம பசங்கடா! திரும்பி வந்துட்டாங்கடா!" யாவோராவை விட்டு வெகுகாலம் முன்பே நகரத்துக்குப் போன யாரோ ஒருவர் அலறினார்.

நெவெங்கா விசிலைக் கையில் எடுத்தாள். இவர்கள் வந்துவிட்டார்கள் என்றால், ஒருநாள் என் பிள்ளையும்...

விசில் ஊதினாள்.

துபோவா ஏற்கனவே ஐம்பத்து இரண்டு வினாடியில் முடித்திருந்தது. யாவோரா ஆட்கள் புகைக்குள் பாய்ந்தார்கள். பொம்மை மனிதனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவன் வெளியே வந்தபோது முப்பது வினாடி. குழாயை இணைக்கையில் ஒரு மூட்டு நழுவியது. "போச்சு!" என்றான் ஸ்லாவ்கோ சந்தோஷமாக. ஒல்லியான ஒருவன் அதன் மேல் விழுந்து இறுக்கினான். தண்ணீர் சீறியது. தூரத்து இலக்குப் பலகை சடாரென்று சாய்ந்தது.

நாற்பத்து ஒன்பது!

மைதானம் ஆர்ப்பரித்தது. மியோ தொப்பியை வானத்தில் வீசினார்.

"செல்லாது! செல்லாது!" ஸ்லாவ்கோ மேசையைத் தட்டினான். "லீவுல பிளேன் ஏறி வந்த பசங்களை வச்சு ஜெயிக்கப் பாக்குறான்! ஒரு வருஷமாவது ஊர்ல குடியிருக்கறவன்தான் இறங்கணும்னு விதி இருக்கா இல்லையா? யூர்கிச் பையன் போன வாரம்கூட மியூனிக்ல பீர் குடிக்கிற போட்டோ போட்டிருந்தான்!"

நெவெங்கா பேனாவைக் கீழே வைத்தாள். விதி இருக்கிறது. இவர்கள் நாளைக்கே பிளேன் ஏறுகிறவர்கள் என்றால், கிடைத்த வெற்றியை அவளே அழித்து எழுத வேண்டும்.

"மியோ, உண்மையைச் சொல்லுங்க. இவங்க ஊர்லதான் இருக்காங்களா?"

"மூணு வருஷமா இருக்காங்கம்மா."

"பச்சைப் பொய்! அந்தப் பசங்க ஒருத்தனும் திரும்பி வரலை!"

"அவன் சொல்றதும் சரிதாம்மா," என்றார் மியோ. "எங்க பசங்க யாரும் வரலை. அவங்க விட்டுட்டுப் போன கோட்டுங்களைத்தான் அவங்க அம்மாமாருங்க எடுத்துக் கொடுத்தாங்க. இவங்க பயிற்சி முடிச்சு இறங்கறது இந்த வருஷம்தான். யப்பா, முகத்தைக் காட்டி, குடியிருப்பு அட்டையைக் கொடுங்க."

ஒன்பது கவசங்களும் கழன்றன. நேபாளத்திலிருந்து யாவோராவின் மரம் அறுக்கும் ஆலைக்கு வேலைக்கு வந்த ஒன்பது பேர், வியர்வை வழியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

நெவெங்கா அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். லோகேந்திர தாமாங், குடியிருப்பு யாவோரா. பிரேம் குருங், குடியிருப்பு யாவோரா. ஒன்பதும் முடிந்ததும் எழுந்து நின்று ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். "விதிப்படி எல்லாம் சரி. யாவோரா வெற்றி!"

"என்னம்மா அநியாயம்! இவனுங்கெல்லாம் வெளியூர்க்காரனுங்க!" ஸ்லாவ்கோ கத்தினான்.

குழாயை இறுக்கிய அந்த ஒல்லி லோகேந்திர தாமாங் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்த மண்ணிலேயே கிடந்தவன்போல ஸ்லாவோனியா வட்டார இழுவையில் நிதானமாகச் சொன்னான்:

"யாரு வெளியூரு? நாங்க யாவோரா. நீங்கதாண்ணே துபோவா!"