கிங்ஸ் சர்க்கிள் கணக்கு

"கணக்கை வாங்கி வெச்சுண்டு தூங்கறான் பாரு! போட்டுக் குடுக்கணும், முடியலேன்னா திருப்பிக் குடுக்கணும். இவனையெல்லாம் எதுக்குச் சேர்த்தேன்?"

ஹரி திட்டியது கம்ப்யூட்டர் திரையை. திரையில் இருந்த பெயர்: அல்தாப், தாராவி.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்குக் கடலில் ஹை டைட் வேறு. போன் அடித்தது. மறுபடியும் மனைவி ருக்கு.

"ஹரி, தண்ணி படிக்கட்டுக்கு வந்துடுத்து. நானும் குழந்தையும் இன்னும் கிங்ஸ் சர்க்கிள்ல அந்தக் கடை வாசல்லதான் நிக்கறோம். பஸ்ஸே இல்லை. நடந்து வந்துடட்டுமா?"

"நடக்காதே! தண்ணி வடியட்டும்னு மேன்ஹோல் மூடியைத் தொறந்து விட்டிருப்பா. கால் வெச்சா தெரியாது."

"அப்போ இங்கேயே நிக்கவா? இன்னும் ஏறுமா, வடியுமா? உன் கம்ப்யூட்டர் சொல்லுமே?"

"சொல்லும். இதோ இப்போ வந்துடும்."

வரவில்லை என்பதுதான் விஷயம்.

மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போடப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும். அதற்கு ஏது வசதி? அதனால் தாராவி, செம்பூர், பாண்டுப் என்று பல பேர் தங்கள் லேப்டாப்பை இலவசமாக ஓட்டித் தருகிறார்கள். தெருவுக்கு ஒரு கணக்காகப் பிரித்து அவர்களுக்கு அனுப்புவது மாட்டுங்காவில் ஹரியின் வீட்டு மூலையில் இருக்கும் சர்வர். ஒரு கணக்கை இரண்டு பேர் போட்டு, இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் அந்தத் தெருவின் வெள்ளப் படம் திரையில் வரும். பழைய சர்வர், ஒரே நேரத்தில் ஐந்தாறு தெருவுக்கு மேல் தாங்காது. மற்ற தெருக்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

வரிசையை யாரும் தொடக் கூடாது என்று சட்டம் போட்டவனே ஹரிதான். போன மழையில் செம்பூர்க்காரர் ஒருவர் தன் தெருவைக் கொஞ்சம் முன்னால் போடச் சொன்னதற்கு, வாட்ஸ்அப் குரூப்பில் அத்தனை பேர் முன்னால் அவருக்கு நியாயம் தர்மம் எல்லாம் வகுப்பெடுத்தான்.

இன்று கிங்ஸ் சர்க்கிள் வரிசையின் வாலில் கிடந்தது. ருக்குவின் முதல் போன் வந்ததுமே அதைத் தூக்கி முன்னால் போட்டுவிட்டான். பெற்ற குழந்தை தண்ணீரில் நிற்கும்போது சட்டமாவது ஒன்றாவது?

பாண்டுப் விடை வந்துவிட்டது. இன்னொன்று அல்தாப்பிடம்தான் மாட்டிக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் அவனைக் கூப்பிட்டான்.

"என்ன அல்தாப் பாய், ஒரு கணக்குக்கு இவ்வளவு நேரமா? முடியலேன்னா சொல்லுங்கோ, வேற யாருக்காவது குடுத்துடறேன். இங்கே உயிர் போறது!"

"கோவிச்சுக்கிடாதீங்க பாய். கரெண்டு போயிட்டு. பேட்டரியில ஓடுது, அதான் மெதுவா போவுது. இப்ப முடிஞ்சிரும்."

"பேட்டரி தாங்குமா?"

"இது ஒண்ணுக்குத் தாங்கும் பாய்."

போனை வைத்துவிட்டு ருக்குவுக்கு அடித்தான். எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மூடி இல்லாத மேன்ஹோல் ஒன்று கண்முன் வந்து வந்து போயிற்று. கும்பிடாத சாமிகளையெல்லாம் கும்பிட்டான்.

திரையில் படம் வந்தது. கிங்ஸ் சர்க்கிள் முழுக்க நீலம். இன்னும் இடுப்பளவு ஏறும்!

அந்த நேரம் பார்த்து ருக்குவே கூப்பிட்டாள்.

"நிக்காதே ருக்கு! தண்ணி இன்னும் ஏறப்போறது. கடைக்காரரைக் கேட்டு குழந்தையோட மாடிக்குப் போயிடு. இப்பவே போ!"

சிறிது நேரத்தில் மறுபடி அவள் குரல். "மாடியில இருக்கோம் ஹரி. கீழே கடைக்குள்ள பெஞ்சு மிதக்கறது. நல்ல வேளை சொன்னே. அங்கேயே நின்னிருந்தா..." அவளால் முடிக்க முடியவில்லை.

ஹரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். போன உயிர் திரும்பி வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

போன் அடித்தது. அல்தாப்.

"பாய், கணக்கு வந்து சேந்துட்டா?"

"வந்துடுத்து, வந்துடுத்து. ரொம்ப தேங்க்ஸ். அடுத்ததை எடுத்துக்கலையே நீங்க?"

"பேட்டரி தீந்துட்டு பாய். எங்க தெரு, இந்தக் கல்லி கணக்கை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. இங்க தண்ணி மொழங்காலுக்கு வந்துட்டு. வீட்லயே இருக்கதா, புள்ளைகளைத் தூக்கிட்டு ஸ்கூல் மாடிக்குப் போவதான்னு ஒண்ணும் புரியல."

"உங்க கல்லியா? அது எங்கே இருக்கு வரிசையில?"

"அடுத்தது எங்களதுதான்னு காட்டுச்சு பாய். திடீர்னு கிங்ஸ் சர்க்கிள் வந்து முன்னாடி நின்னுச்சு. இருக்க பேட்டரியில நம்ம கல்லியைப் போட முடியாதேன்னு யோசிச்சேன். எம் பொண்டாட்டி ராபியாதான், 'ஹரி பாய் வரிசையைத் தொட மாட்டாரு. அவரே தொட்டிருக்காருன்னா அங்க நூறு உசிராவது மாட்டியிருக்கும், மொதல்ல அதை முடிங்க'ன்னா. அங்க எத்தனை பேரு பாய்? எல்லாரும் தப்பிச்சிட்டாங்களா?"