ஒரு ‘ப்’ கூடுதல்

ஜன்னல் வெயில் கணினித் திரையில் பாதியை விழுங்கிவிட, மீதிப் பாதிக்குள் மூக்கை நுழைத்து உட்கார்ந்திருக்கிறார் ஒற்றன். வேவு பார்க்கிறவர் அல்லர். விட்டுப்போன ஒற்றெழுத்தையும் வேண்டாத ஒற்றெழுத்தையும் மோப்பம் பிடித்துவிடுவதால் நிரலாளர்களின் இணையக் குழு சூட்டிய பட்டம் அது. இன்று அவர் எழுதிய கணினி நிரலில்தான் ஒரு சுற்று கூடுதலாக ஓடுகிறது என்று, புதிதாகச் சேர்ந்த ஒருத்தி குழுவின் முந்நூறு பேர் முன்னால் எழுதிவிட்டாள். அவள் சொல்வது சரிதான். அது அவருக்கும் தெரியும். ஆனால் “கண்டுப்பிடித்தேன்” என்று எழுதியிருக்கிறாளே, சும்மா விடலாமா? “கண்டுபிடித்தேன். ஒரு ‘ப்’ கூடுதல்” என்று தட்டிவிட்டு, ஆறிப்போன காபியை அமிர்தம்போல் உறிஞ்சுகிறார். திரையில் மூன்று புள்ளிகள் துள்ளுகின்றன. “நன்றி சார். என் ‘ப்’பை எடுத்துட்டேன். உங்க சுற்றை எப்ப எடுப்பீங்க?” என்று வருகிறது பதில். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவி எட்டிப் பார்த்து, “நல்லா வேணும் உங்களுக்கு,” என்கிறாள். காதுமடல் சிவக்க அவர் அந்தச் சுற்றை எடுக்கிறார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறார்: “என் தவற்றை ஒப்புக்கொள்கிறேன்.” மனைவி, “தவறைன்னு போட்டா ஆகாதா?” என்கிறாள். “ஆகாது. தப்பை ஒத்துக்கும்போதாவது தப்பில்லாம ஒத்துக்கணும்ல,” என்று சொல்லிவிட்டு அந்த வரியை அனுப்புகிறார். ஒருமுறை படித்தால் போதும், மூன்றுமுறை படிக்கிறார். நகர்ந்து வந்த வெயில் அந்த வரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். முந்நூறு பேரில் ஒருவராலும் அதில் கைவைக்க முடியாது.