மாற்றிய நாள்

"அன்னிக்கு ஒண்ணுக்கு நாப்பதுடா! நாப்பதுக்கு வாங்கினதை நாப்பதுக்குத்தான் திருப்புவேன்!"

அக்காவின் குரல் பணமாற்றுக் கடையின் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவில் வந்து விழுந்தது. எதிர்த் தையல்கடையில் மிஷின் நின்றுவிட்டது. சண்டை நடக்கும்போது சட்டை எவனுக்கு வேண்டும்?

"நான் குடுத்தனுப்பினது நம்ம ஊர்க் காசா? அந்த நாட்டு நோட்டு, அக்கா. இன்னிக்கு ஒண்ணுக்கு எண்பது. அதே நோட்டா குடுத்துடேன், நான் ரேட்டே கேக்கல." தம்பியும் சளைத்தவன் இல்லை.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. வெளிநாட்டில் வேலை போய்த் திரும்பி வந்தவன். மறுபடி அனுப்பி வைக்க ஏஜெண்ட் பணம் கேட்கிறான்.

அவள் கணக்கு வேறு. நாற்பது என்றால் கை வளையலும் சீட்டுப் பணமும் போதும். எண்பது என்றால் புருஷன் கட்டிவிட்டுப் போன இரண்டு அறை வீடு போய்விடும். வயசுக்கு வந்த பெண்ணோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் நாற்பதை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள்.

அந்தத் தெருவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். உள்ளூர்க் காசின் மதிப்பு விழுந்தால் தெருவே எழுந்து உட்காரும். வந்த நோட்டை வந்த அன்றே மாற்றுபவளை அங்கே வீட்டுக்கு உதவாதவள் என்பார்கள். அரிசி இல்லை என்றாலும் நோட்டு பெட்டியில் கிடந்து பழுக்க வேண்டும்.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணத் தேதி கேட்டால் மனைவியைக் கூப்பிடுகிற மனுஷர். ஆனால் கல்யாணத்தன்று என்ன ரேட்டு என்று கேளுங்கள், காசு பிசகாமல் சொல்வார்.

கடைசியில் தம்பிதான் இறங்கினான்.

"சரி விடு. மாமா ஆபரேஷனுக்குன்னு குடுத்தனுப்பின காசு. ஆஸ்பத்திரியில கொட்டியும் அவர் தங்கல. நீ மாத்தின அன்னிக்கு என்ன ரேட்டோ அதையே குடு, போ."

தெருவுக்குச் சப்பென்று போய்விட்டது. அக்கா ஜெயித்துவிட்டாள். தையல்காரர் ஊசியில் நூல் கோக்கப் போனார்.

"அண்ணே, அக்கா இங்கதான் மாத்துச்சு. அன்னிக்கு என்ன ரேட்டு, சொல்லுங்க. எழுதி முடிச்சுடலாம்."

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முகத்தில் ஒரு பிரகாசம்.

"உங்க அக்கா வந்த நாளை மறப்பேனா? முப்பத்தேழுல படுத்துக் கிடந்தது ஒரே ராத்திரியில நாப்பதுக்கு எகிறிச்சே! அந்த..."

"இன்னிக்கு ரேட்டே போடுங்க!"

அலறல் என்றே சொல்ல வேண்டும். கடைக்காரர் வாய் திறந்தபடி நின்றார். தம்பி, கடை வாசலில் நின்றவர்கள், எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அக்கா, நான்தான் விட்டுட்டேன்னு சொல்றேனே..."

"யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம். எண்பதே போடுங்க. வீட்டை எழுதித் தரேன். தேதியெல்லாம் எதுக்கு இப்ப?"

பைத்தியமா இவளுக்கு என்றது தெரு. ரோஷம் என்றார் தையல்காரர். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். கால்குலேட்டரை எடுத்து எண்பதால் பெருக்க ஆரம்பித்தார்.

காலையிலிருந்து தெருவே கேட்கக் கத்திக்கொண்டிருந்த அந்த நாற்பது எந்த நாளின் ரேட்டு என்பது, ஒரே ராத்திரியில் எகிறியதைக் கடைக்காரர் சொன்னபோதுதான் அவளுக்கு உறைத்திருந்தது.

தம்பியின் நண்பன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தது வெள்ளிக்கிழமை.

நாளைக் காலையில் கட்டினால் மதியமே ஆபரேஷன் என்றது ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை ரேட்டு ஏறப்போகிறது, முட்டாள்தனமாக இப்போது மாற்றிவிடாதே என்றது தெரு. படுக்கையில் கிடந்த புருஷனும் அன்று கொஞ்சம் தெளிவாகப் பேசினார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். இரண்டு நாள் தாங்குவார் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்றுக்கு இரண்டு மூன்று கூடினால் மருந்துச் செலவாவது ஆகுமே.

தெரு சொன்னது பொய்க்கவில்லை. திங்கட்கிழமை ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவரை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பணத்தைக் கட்டிவிட்டேன், இருந்தும் தங்கவில்லை என்று தம்பியிடம் போனில் சொன்னாள். அவன் அந்தப் பக்கம் ஓவென்று அழுதான். திங்கட்கிழமை நாற்பதுக்கு மாற்றிய காசு காரியத்துக்கும் ஏறிக்கிடந்த கடன்களுக்கும் கரைந்தது.

வீடு கைமாறியது. தம்பி அதை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டி மறுபடி வெளிநாடு போனான். அவன் மனைவி அந்த இரண்டு அறைக்குக் குடிவந்து, கூடத்தில் மாமாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டினாள். அக்காவின் பெண்ணை ஒரு லாரி மெக்கானிக் கட்டிக்கொண்டான். கல்யாணச் செலவு முழுக்கத் தம்பிதான் அனுப்பினான். மாமாவுக்குச் செய்ய முடியாமல் போனதைச் செய்கிறேன் என்று சொன்னானாம். கல்யாணம் முடிந்த கையோடு அக்கா யாருக்கும் விலாசம் சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்டாள்.

விட்டுட்டேன் என்று சொல்லியே வீட்டைப் பிடுங்கிக்கொண்ட தம்பியின் முகத்தில் எப்படி விழிப்பாள், பாவம் என்று தெரு இன்றைக்கும் அவள் பக்கம்தான் பேசுகிறது.