கண்ணை மூடிய துண்டு

கோடியக்கரைப் புல்வெளியில், வலையிலிருந்து எடுத்துக் கிடத்திய வெளிமானின் முறுக்குக் கொம்புகளை உப்பளத்துக் கூலி வேம்பையன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறான். அதன் கண்களை அவன் தோள்துண்டு மூடியிருக்கிறது. மான்களுக்குள் நோய் பரவியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வந்த டாக்டரம்மா அஃப்ரீன் கழுத்து முடியை ஒதுக்கி ஊசியை இறக்குகிறார். "துண்டு விலகாம பாத்துக்குங்க. நம்மளப் பாத்தா பயத்துலயே நெஞ்சு நின்னுடும்." மானின் கால்களைப் பிடித்திருக்கும் உப்பளத்துக் கூட்டாளி சுஹைப், "சவுதிக்கு மெடிக்கல் எடுத்தப்ப அண்ணனே மயங்கி விழுந்த ஆளு மேடம்" என்று கிசுகிசுக்கிறான். "உஷ்!" என்கிறார் டாக்டரம்மா. குழாயில் கருஞ்சிவப்பு மெல்ல ஏறுகிறது. கடற்காற்று துண்டின் முனையைத் தூக்குகிறது. ஒரு கண் வேம்பையனைப் பார்க்கிறது. அதனுள் அவன் முகம் சின்னதாகத் தெரிகிறது. துண்டை இழுத்துவிடக் கொம்பை விட்டால் அது டாக்டரம்மாவின் வயிற்றைக் கிழித்துவிடும். விடாவிட்டால் இது பயத்திலேயே செத்துப்போகும். சட்டென்று குனிந்து தன் கன்னத்தால் அந்தக் கண்ணை மூடுகிறான். இமைமுடி கன்னத்தில் படபடக்கிறது. பிறகு அந்தப் படபடப்பு நின்றுவிடுகிறது. "முடிஞ்சிது, விடுங்க." அவன் விடவில்லை. "அண்ணே, விடுண்ணே!" தலையை நிமிர்த்திக் கையை எடுக்கிறான். மான் அப்படியே கிடக்கிறது. சுஹைப்பும் கால்களை விட்டுப் பின்வாங்குகிறான். திடீரென்று மண்ணை உதைத்து எழுந்து, கொம்பில் சிக்கிய துண்டோடு அது கருவைக்காட்டுப் பக்கம் பாய்கிறது. வேம்பையனின் இரண்டு கையும் இன்னும் கொம்பைப் பிடித்த வாக்கிலேயே காற்றில் நிற்கின்றன.