விட்டுக்கொடுத்த ஆட்டம்

“மறுபடியும் நான்தான் ஜெயிச்சேனா?”

ஷாரன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். டிவி திரையில் அவளுடைய சிவப்புக் கார் கோட்டைத் தாண்டி நின்றது. கணவன் பெர்னார்டின் நீலக் கார் எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது.

பெர்னார்ட் ஹெப்பாளில் வீடியோ கேம் உருவாக்கும் கம்பெனியில் டிசைனர். இந்தக் கார் பந்தயமே அவன் கைவேலைதான். ஆட்டம் என்று வந்துவிட்டால் ஈவிரக்கம் பார்க்காத மனுஷன். கல்யாணமான புதிதில் அவளைத் தோற்கடித்துவிட்டு, விட்டுக்கொடுத்தால் அது ஆட்டமே இல்லை, ரெண்டு பேரும் நிஜமாக மோதுவதில்தான் அதன் அழகே இருக்கிறது என்று விடிய விடியத் தத்துவம் பேசியவன். பெற்ற மகள் தோற்று அழுதபோதுகூட மனம் இரங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவன் ஒரு வாரமாகத் தினமும் தோற்கிறான்.

அவள் மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வரும்வரை லீவு போட்டுவிட்டு, பயத்தை மறக்கப் பகலெல்லாம் தனியாக இந்தக் கேமே கதியென்று கிடந்தாள். கடைசியில் டாக்டர் அவனுக்குத்தான் போன் செய்தார். ஒன்றுமில்லையாம், கொழுப்புக் கட்டிதானாம் என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தோல்வி. பிழைக்கமாட்டாள் என்று தெரிந்தால்தானே இவன்கூட இரக்கம் காட்டுவான்?

“என்கிட்ட எதையும் மறைக்காதீங்க. எனக்குக் கேன்சர்தானே?”

பெர்னார்ட் திகைத்துப்போனான். உடனே டாக்டரைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். வெறும் கொழுப்புக் கட்டிதான், கவலையே வேண்டாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

“ஹௌதா டாக்டர், நிஜமாவா?”

கன்னடமும் தமிழுமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் ஷாரனுக்கு மூச்சு வந்தது. மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு வாரமாக அடக்கி வைத்த அழுகையெல்லாம் கொட்டித் தீர்ந்தது. அப்பாடா என்றிருந்தது.

கண்ணைத் துடைத்ததும் கோபம் வந்தது.

“அப்புறம் எதுக்கு விட்டுக்கொடுத்து என் உயிரை வாங்குனீங்க?”

பெர்னார்ட் மகளின் அறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நான் எங்க விட்டுக்கொடுத்தேன்? உயிரைக் குடுத்துத்தான் ஆடுறேன், உன்னை ஜெயிக்கவே முடியல. ஆபீஸ்ல மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத.”