சிங்கத்தின் மூக்கு

“எத்தோரே. ஊர் டூரின்” என்றார் கழுத்தில் கேமராவும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக நின்றவர். சுற்றுலா வழிகாட்டி ஓர்னெல்லாவின் கையிலிருந்த சிவப்புக் குடை நழுவிக் கீழே விழுந்தது.

இத்தனை ஊர் இருக்க, இந்த மனுஷன் அந்த ஊரிலிருந்தா வர வேண்டும்! ‘ரோமில் பிறந்து வளர்ந்தவரோடு அரை நாள் உலா’ என்று விளம்பரம் போட்டுத்தான் அவளுடைய கம்பெனி ஆள் சேர்க்கிறது. அம்மணியோ டூரினிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ‘பொறந்தது, வளர்ந்தது எல்லாம் ரோம்தான்’ என்று முதலாளியிடம் ஒரே போடாகப் போட்டு வாங்கிய வேலை.

ரோம்காரர்கள் மாதிரி வார்த்தையின் வாலை நறுக்கிப் பேச அவளும் படாத பாடுபட்டுப் பழகியிருந்தாள். பலெர்மோவிலிருந்து புருஷனோடு வந்திருந்த ரொசாலியா அம்மாளை அதை வைத்துச் சமாளித்துவிடலாம். சொந்த ஊர்க்காரன் காதை ஏமாற்ற முடியுமா? கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும், சீட்டுக் கிழிந்துவிடும்.

அந்த ஆள் வேறு அவளை விட்டு ஓர் அடி நகரவில்லை. கேட்டதற்கு ‘உம்’, ‘ஆமாங்க’ என்பதற்கு மேல் வாயையும் திறக்கவில்லை. வேவு பார்க்க வந்தவனேதான் என்று ஓர்னெல்லா முடிவே கட்டிவிட்டாள்.

“ஏன் தம்பி, காலைலேர்ந்து ஒரு படம்கூட எடுக்கலையே! கேமரா என்ன கழுத்துக்கு நகையா?” என்று ரொசாலியா அம்மாள் வம்புக்கு இழுத்தாள். அவர் சிரித்து மழுப்பினார்.

வெயில் ஏறியது. தெருமுனையில் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயில் தண்ணீர் குடிக்கக் குனிந்த ஓர்னெல்லா, சட்டைக் காலரைத் தொப்பலாக நனைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் நகருங்க” என்று எத்தோரே முன்னால் வந்தார். குழாயின் வாயை விரலால் அடைத்தார். மேலே இருந்த சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு எழும்ப, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தார்.

“ஆத்தாடி, பெரிய வித்தைக்காரரா இருக்கீங்களே!” என்று ரொசாலியா அம்மாள் கைதட்டினாள். கார் செய்கிற டூரின்காரருக்குக் குழாயின் சூட்சுமம் தெரியாதா என்று அந்தப் பயத்திலும் ஓர்னெல்லாவுக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமை.

அடுத்த சந்தில் ஒரு பழைய வீட்டுச் சுவரில், காது உடைந்த கல் சிங்கம் ஒன்று முகத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த சலூன், திங்கட்கிழமை என்பதால் சாத்திக் கிடந்தது. தினமும் கடந்துபோகிற சந்துதான், ஆனால் இதுவரை யாரும் சிங்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

“இது என்ன சிங்கம்மா?” என்றாள் ரொசாலியா அம்மாள்.

“இதுவா? இது... மூக்கைத் தொட்டா ஒரு வருஷத்துக்குள்ள கல்யாணம் ஆயிடும். எங்க ரோம்ல காலங்காலமா இருக்குற நம்பிக்கை” என்று ஓர்னெல்லா கூசாமல் அளந்தாள்.

“எனக்கு ஒண்ணு ஆனதே போதும்டியம்மா” என்று ரொசாலியா அம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். எத்தோரே மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய், பயபக்தியோடு சிங்கத்தின் மூக்கைத் தொட்டார்.

“என்ன தம்பி, இன்னும் ஆகலையா?”

“ஆகலைம்மா.” காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

ஆற்றுப் பாலத்தில் உலா முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். எத்தோரே மட்டும் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். ஓர்னெல்லாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“கம்பெனில போட்டுக் கொடுக்கத்தானே நிக்கிறீங்க? ஆமா, நான் ரோம்காரி இல்லை. டூரின்தான்! போய்ச் சொல்லுங்க. வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் திரும்பணும். எங்க அண்ணன், ‘நான் அப்பவே சொன்னேன்ல’ன்னு சிரிப்பான்.”

“டூரினா!” எத்தோரே தலையில் கை வைத்துக்கொண்டார். “போச்சுடா! தூரமா ஏதாவது ஊரைச் சொல்லணுமேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். அதுவா உங்க ஊரா இருக்கணும்?”

காலையிலிருந்து மென்று முழுங்கியவர் இப்போதுதான் வாய் நிறையப் பேசினார். ஒரு வார்த்தைக்கும் வாலே இல்லை.

“நீங்க... ரோமா?”

“குழாய்ல சட்டையை நனைச்சப்பவே நீங்க வெளியூர்னு தெரிஞ்சுபோச்சு. இங்க நண்டு சிண்டுக்குக்கூட அந்த ஓட்டை தெரியும். பயப்படாதீங்க, யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“அப்ப எதுக்கு இந்த வேஷமெல்லாம்?”

“தினம் குடையைப் பிடிச்சுக்கிட்டு என் கடை வழியாத்தான் போறீங்க. வெளியூர்க்காரங்ககிட்ட மட்டும்தான் பேசுறீங்க. நான் வேற என்ன பண்றது? எங்க தொழிலுக்குத் திங்கட்கிழமைதான் லீவு.”

“என்ன கடை?”

“அந்தச் சிங்கத்துக்கு எதிர்ல இருக்குற சலூன். பொறந்ததுலேர்ந்து அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். கல்யாணக் கதை மட்டும் இன்னிக்குத்தாங்க கேள்விப்படுறேன்.”

ஓர்னெல்லா சட்டென்று குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். எத்தோரே குனிந்து, குடைக்கு அடியில் மெல்ல எட்டிப் பார்த்தார்.

“பலிக்குங்களா?”